பழைய டிராக்டரில் ஆயில் பிரஷர் குறைகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

சேற்றுழவு மும்முரமாக நடக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது நன்றாக நின்ற ஆயில் பிரஷர் முள், மதியம் இன்ஜின் சூடானதும் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்குகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய டிராக்டர் வைத்திருக்கும் பலருக்கும் இது பழக்கமான காட்சிதான்.

இந்த நேரத்தில் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கிறது. ‘மீட்டர் பழுதாகியிருக்கும், நடவு முடியட்டும் பார்க்கலாம்’ என்று தொடர்ந்து ஓட்டுவது ஒன்று. உண்மையிலேயே பிரஷர் இல்லாமல் ஓட்டினால், சில நிமிடங்களிலேயே பேரிங் உருகி கிராங்க் ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளும். சரியாகப் பார்க்காமல் உடனே ‘ஃபுல் இன்ஜின் வேலை’ என்று வண்டியைப் பட்டறையில் பிரித்துப் போடுவது இன்னொன்று. சில நூறு ரூபாய் சுவிட்சிலோ டீசல் பம்ப்பின் டயாப்ரத்திலோ கோளாறு இருக்க, பல ஆயிரம் ரூபாய் செலவாகி, உழவு சீசனும் கையை விட்டுப் போய்விடும்.

பிரஷர் குறைவது ஒரு நோய் அல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது போல இதற்கும் வரிசையாகச் சோதித்துக் காரணம் காண வேண்டும். செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவு பிடிப்பவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொண்டால் தவறு நடக்காது.

ஆயில் பிரஷர் எப்படி உருவாகிறது?

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கிணற்று மோட்டார் தண்ணீரை இழுக்கிறது, ஃபில்டர் வழியாக மெயின் குழாய்க்கு அனுப்புகிறது, தண்ணீர் சிறு துளைகள் வழியாகச் சொட்டுகிறது. அந்தத் துளைகள் சிறியவையாக இருப்பதால்தான் குழாயில் அழுத்தம் நிற்கிறது. எங்காவது குழாய் கிழிந்தால், மோட்டார் நன்றாக ஓடினாலும் மீட்டரில் அழுத்தம் விழுந்துவிடும்.

இன்ஜினிலும் இதே கதைதான். அடியில் உள்ள ஆயில் சம்ப்பிலிருந்து ஆயில் பம்ப் ஒரு வலை வழியாக ஆயிலை இழுக்கிறது. ஃபில்டரைக் கடந்து மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கேம் ஷாஃப்ட், ராக்கர் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு அது போகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இடைவெளிதான் இங்கே சொட்டும் துளை. தேய்மானத்தால் அது பெரிதானால் ஆயில் எளிதாக வெளியேறி, பிரஷர் குறையும்.

சொட்டுநீரில் அதிக அழுத்தத்தைத் திருப்பிவிட பைபாஸ் வால்வு இருப்பது போல, இன்ஜினில் ரிலீஃப் வால்வு இருக்கிறது. அளவுக்கு மேல் பிரஷர் ஏறினால் அது திறந்து ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பி விடும்.

ஆக, பிரஷர் குறைய ஐந்து காரணங்கள்தான் உண்டு. ஆயில் போதவில்லை, ஆயில் நீர்த்துவிட்டது, பம்ப் சரியாக இழுக்கவில்லை, ரிலீஃப் வால்வு மூடவில்லை, பேரிங் இடைவெளி பெரிதாகிவிட்டது. ஆறாவதாக ஒன்று உண்டு: பிரஷர் சரியாக இருந்தும் மீட்டர் பொய் சொல்வது.

முள் இறங்கியதும் செய்ய வேண்டியது

உடனே ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, இன்ஜினை நிறுத்துங்கள். ‘ரேஸ் செய்தால் ஏறுகிறதா பார்ப்போம்’ என்று முறுக்க வேண்டாம். கடகடவென்று தட்டும் சத்தம் கேட்டால் அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்னொரு டிராக்டர் வைத்து இழுத்துக் கரைக்குக் கொண்டு வருவது நல்லது. இழுக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

டேஷ்போர்டில் முள்ளுக்குப் பதில் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான சுவிட்சுகள் பிரஷர் சுமார் அரை கிலோ அளவுக்கு இறங்கிய பிறகுதான் விளக்கை எரிய விடும். விளக்கு எரிகிறது என்றால் ஆபத்து ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பிரஷர் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

முதல் சோதனை: அளவுக்குச்சி

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுக்குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். அளவு மட்டும் பார்த்தால் போதாது. ஆயிலை விரலில் தொட்டு, முகர்ந்தும் பாருங்கள்.

அளவு குறைந்திருந்தால்: ஒழுகல் எங்கே என்று பாருங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சரியான அளவுக்கு ஊற்றியதும் பிரஷர் பழைய நிலைக்கு வந்தால், பேரிங்கைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஆனால் ஆயில் எங்கே போகிறது என்பதற்கு விடை தேட வேண்டும்.

அளவு கூடியிருந்தால்: இதைப் பலர் ‘நல்லதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். யாரும் ஊற்றாமல் ஆயில் கூடாது. டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. பிரஷர் குறைவதோடு, ஆயில் அளவு மிகவும் கூடினால் அது எரியும் அறைக்குள் போய், கட்டுப்பாடின்றி இன்ஜின் வேகம் எடுக்கும் ஆபத்தும் உண்டு.

டீசல் வாடை அடித்து ஆயில் தண்ணீர் போல ஓடினால்: டீசல் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். நடுவில் கருமையும் அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் அகன்ற எண்ணெய் வளையமும் வந்தால் டீசல் கலப்பு என்ற சந்தேகம் வலுக்கும். பழைய வண்டிகளில் இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள டீசல் லிஃப்ட் பம்ப்பின் டயாப்ரம் கிழிந்தால் டீசல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். எஃப்.ஐ. பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போனாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும் இதுவே நடக்கும்.

பால் கலந்த தேநீர் போல இருந்தால்: தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கெட், ஹெட் விரிசல், லைனர் ஓ-ரிங் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. சூடான தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டால் ‘சடசட’ என்று பொரிவது தண்ணீருக்கு அடையாளம்.

டீசலோ தண்ணீரோ கலந்திருந்தால், கலக்கும் இடத்தை முதலில் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் பிரஷரை மறுபடி அளக்க வேண்டும். நீர்த்த ஆயிலோடு அளந்து, பேரிங் போய்விட்டது என்று முடிவு செய்வது சரியல்ல.

இரண்டாவது சோதனை: என்ன ஆயில், எப்போது மாற்றியது?

பெரும்பாலான டீசல் டிராக்டர்களுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. இதில் கடைசி எண்ணான 40 தான் சூடான நிலையில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. இங்கே 30 போட்டால் சூட்டில் பிரஷர் இறங்கும். கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் உள்ள ஆயிலை மிச்சம் இருக்கிறதே என்று இன்ஜினில் ஊற்றுவதும் தவறு.

ஆயில் மாற்றிய மறுநாளே பிரஷர் மாறியிருந்தால், கோளாறு அந்த வேலையில்தான் இருக்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை முடுக்கியிருக்கலாம். வேறு மாடல் ஃபில்டரைப் போட்டிருக்கலாம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியதால் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைத்திருக்கலாம். நுரையை பம்ப் இழுத்தால் முள் ஆடும்.

மூன்றாவது சோதனை: மீட்டர் உண்மை சொல்கிறதா?

விளக்கு உள்ள வண்டியில், சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாத நிலையில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு, ஒயர், சுவிட்ச் இவற்றில் ஒன்று பழுது. இத்தனை நாளாக உங்களை எச்சரிக்க ஆளே இல்லை என்று பொருள். சாவி ஆனில் இருக்க, சுவிட்ச் ஒயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் பட்டிருக்கிறது. எலி கடித்த ஒயர்களில் இது அதிகம்.

இதெல்லாம் ஒயரைத்தான் சோதிக்கும். பிரஷரை அறிய, சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாயுடன் கூடிய மெக்கானிக்கல் பிரஷர் கேஜைப் பொருத்த வேண்டும். டிராக்டர் மெக்கானிக்குகளிடம் இது இருக்கும். மரையும் அளவும் சரியாகப் பொருந்தும் அடாப்டரைப் போட வேண்டும். குழாய் சைலன்சரில் படக் கூடாது. ஆயில் அளவு சரியாக இருந்து, தட்டும் சத்தம் இல்லாதபோது மட்டுமே இந்தச் சோதனைக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகிச் சில விநாடிகளில் கேஜ் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நான்கு அளவுகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் ஐட்லிங்கில் ஒன்று, வேகத்தில் ஒன்று. பிறகு வெப்பநிலை முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓட்டி, சூடான நிலையில் ஐட்லிங்கில் ஒன்று, முழு வேகத்தில் ஒன்று. இதில் கடைசி இரண்டுதான் முக்கியம். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால், தேய்ந்த இன்ஜின் கூட நல்ல பிரஷர் காட்டும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேடுதான் முடிவானது. உதாரணமாக, பழைய மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் 3.152 வகை இன்ஜினுக்கு, சூடான நிலையில் முழு வேகத்தில் 30 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். அதாவது சுமார் 2.1 முதல் 4.2 கிலோ. கையேடு கிடைக்காதவர்கள், மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு பொதுக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்: சூடான இன்ஜினில் ஒவ்வொரு 1,000 சுற்று வேகத்துக்கும் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.7 கிலோ. சில கேஜ்களில் பார் என்று இருக்கும். ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோதான், 14.5 பி.எஸ்.ஐ.க்குச் சமம்.

பிரஷர் மாறும் விதம் சொல்லும் காரணம்

எவ்வளவு குறைகிறது என்பதை விட, எப்போது, எப்படிக் குறைகிறது என்பதுதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டும்.

1. சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் குறைவு, வேகத்தில் சரியாகிறது: பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக இறங்கி வந்திருந்தால் பேரிங்கும் பம்ப்பும் தேய்ந்து வருகின்றன. கையேட்டு அளவுக்குள் இருந்தால் உடனே பிரிக்க வேண்டியதில்லை. சீசன் முடியும்வரை கவனமாக ஓட்டி, வேலை இல்லாத மாதத்தில் பார்க்கலாம்.

2. சூட்டில் ஐட்லிங்கிலும் வேகத்திலும் குறைவு: பேரிங் தேய்மானம், பம்ப் தேய்மானம், ரிலீஃப் வால்வு மூன்றில் ஒன்று. எளிதில் பார்க்கக்கூடிய ரிலீஃப் வால்விலிருந்து தொடங்குங்கள்.

3. நேற்று வரை சரி, இன்று திடீரெனக் குறைவு: பேரிங் ஒரே நாளில் தேயாது. ஆயில் குறைவு, டீசல் கலப்பு, ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நிற்பது, ஸ்பிரிங் உடைவது, பம்ப் குழாய் கழன்றுகொள்வது, மீட்டர் பழுது ஆகியவற்றைத் தேடுங்கள்.

4. முள் ஆடுகிறது, மேட்டில் ஏறும்போது விழுகிறது: ஆயில் குறைவு, அல்லது பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது. உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கையும் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

5. ஸ்டார்ட் செய்ததும் நன்றாக இருந்து, சிறிது நேரம் வேகமாக ஓடியதும் விழுகிறது, நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிறது: சம்ப்பில் உள்ள வலையில் கசடு அடைக்கிறது. கிணற்று ஃபுட் வால்வில் பாசி அடைத்தது போலத்தான். ஆயிலை நாள் கடத்தி மாற்றும் வண்டிகளில் இது வரும். சம்ப்புக்குப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட் உள்ளே பிதுங்கி, உடைந்து வலையில் சிக்குவதும் உண்டு.

6. ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறத் தாமதம், பிறகு சரி: நிறுத்தியபோது ஃபில்டரிலிருந்து ஆயில் கீழே வடிந்துவிடுகிறது. தரமான ஃபில்டராக மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

7. வெயிலில் பி.டி.ஓ. வேலையின்போது மட்டும் குறைவு: ரேடியேட்டர் வலையில் வைக்கோல் தூசி அடைத்து இன்ஜின் அதிகம் சூடாகிறதா பாருங்கள். சூடு ஏறினால் ஆயில் நீர்க்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்ததும் பிரஷர் சரியாகலாம்.

8. வழக்கத்தை விட அதிகப் பிரஷர்: இதுவும் நல்லதல்ல. காலைக் குளிரில் சிறிது நேரம் கூடுதலாக இருப்பது இயல்பு. சூட்டிலும் இறங்காவிட்டால் ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது ஆயில் வழித்தடத்தில் அடைப்பு இருக்கலாம். மீட்டர் நிறையக் காட்டும், ஆனால் அடைப்புக்கு அப்பால் உள்ள பாகத்துக்கு ஆயில் போகாது.

பிரிக்க வேண்டி வந்தால்

முதலில் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் காந்தத்தை அருகில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ இருந்தால் பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்து சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்து, பம்ப்பையும் ரிலீஃப் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் சம்ப்பைக் கழற்றியதுமே பேரிங் கேப் ஒன்றைத் திறந்து ஷெல்லைப் பார்த்துவிடலாம். சாம்பல் நிறம் சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் தெரிந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ ஷெல் மாற்ற வேண்டும். இடைவெளியைக் கண்ணால் சொல்ல முடியாது; பிளாஸ்டிகேஜ் நூலோ மைக்ரோமீட்டரோ வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கிராங்கில் கோடு இல்லாமல், அளவும் சரியாக இருந்தால் அதே அளவு ஷெல் போட்டால் போதும். கோடு விழுந்திருந்தால் லேத்தில் கிரைண்டிங் செய்து, பத்து, இருபது, முப்பது என்று சொல்லப்படும் அண்டர்சைஸ் ஷெல்களில் பொருத்தமானதைப் போட வேண்டும். கிரைண்டிங் முடிந்ததும் கிராங்கின் ஆயில் துளைகளை டீசலும் காற்றும் விட்டுச் சுத்தம் செய்வது அவசியம். அதில் தங்கிய தூள் புது பேரிங்கை முதல் நாளே கெடுத்துவிடும்.

செய்யக் கூடாதவை

கெட்டியான ஆயிலோ, பிரஷர் ஏற்றும் மருந்தோ ஊற்றி முள்ளை நிமிர்த்துவது தீர்வு அல்ல. முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பேரிங்குக்குப் போய்ச் சேரவும் தாமதமாகும்.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவதும், ஷெல்லுக்குப் பின்னால் தகடு வைப்பதும், பேரிங் கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அடுத்த சீசனில் கிராங்கையே மாற்ற வைக்கும் வேலைகள் இவை.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவுக்குச்சியைப் பாருங்கள். கையேடு சொல்லும் மணி நேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் மணி மீட்டர் எண்ணையும் பானெட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியை, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடித்து, சற்று இடைவெளி விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குள் ஆயில் மேலே ஏறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி நன்றாக இருக்கும்போதே சூடான நிலையில் பிரஷரை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் உழவு சீசனுக்கு ஒரு மாதம் முன்பு மறுபடி அளங்கள். போன ஆண்டு மூன்று கிலோ, இந்த ஆண்டு இரண்டரை என்று கையில் கணக்கு இருந்தால், வேலையை எப்போது வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யலாம். கணக்கு இல்லாவிட்டால் அந்த முடிவை நடுவயலில் இன்ஜின்தான் எடுக்கும்.